டீச்சருக்கு இன்னிக்கு விரதம்

ஒரு கால் ஷூவைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, மறு கால் ஷூவின் முடிச்சை அவிழ்க்க பி.டி. டீச்சர் குனிந்திருந்தார். வெள்ளை கான்வாஸ் ஷூ. ஆற்று மணல் ஏறி ஏறி அதன் வெள்ளை எப்போதோ போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நான் அதைச் சொன்னேன். அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், ஆனால் டீச்சரின் காதிலும் விழும்படி. "அத்தை, டீச்சருக்கு இன்னிக்கு விரதம். சாப்பிட மாட்டா." குனிந்தவர் உடனே நிமிரவில்லை. பாதி அவிழ்ந்த முடிச்சை மறுபடி இறுக்கிப் போட்டார். கழற்றிய ஷூவையும் எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு எங்களோடு வந்து குழாயடியில் நின்றிருந்த ஆறு பேரையும் பார்த்து, "ஆமாம்மா, நீங்கல்லாம் நிதானமா சாப்பிட்டு வாங்க. நான் அந்தாண்ட மரத்தாண்ட இருக்கறேன்" என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். அவர் எந்த விரதமும் இருக்கவில்லை என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். அது புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை, பெருமாளுக்கு உகந்த நாள். டீச்சரின் கழுத்திலோ மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை.

நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்தில் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் வரலாறு எடுத்தேன். அவர் உடற்பயிற்சி ஆசிரியை. பள்ளி முழுக்க அவரை பி.டி. டீச்சர் என்றுதான் சொல்லும். நாங்கள் ஒருவரையொருவர் வெறுமே டீச்சர் என்று அழைத்துக்கொண்டோம். எனக்குச் சின்ன காஞ்சிபுரம். கோயில் மதிலை ஒட்டிய வீடு. அப்பாவும் அவருடைய அப்பாவும் பிரபந்தம் சேவித்தவர்கள். டீச்சருக்குப் பாலாற்றங்கரையில் ஒரு கிராமத்துக் காலனி. அவருடைய தாத்தா காலத்தில் கிறிஸ்தவர்கள் ஆன குடும்பம். அப்பாவும் அம்மாவும் ஊராரின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். தம்பி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பள்ளி நாட்களில் டீச்சர் நீண்ட தூர ஓட்டக்காரி. மைதானம் எதுவும் கிடையாது. ஆற்று மணலில் ஓடித்தான் பழகினார். மணலில் ஓடிய கால் என்பதால் தார் ரோட்டில் ஓடுவது படுத்துத் தூங்குவது போல இருக்கும் என்பார்.

நடை ஆரம்பித்தது தற்செயலாகத்தான். என்னுடைய சிநேகிதிக்குத் தெரிந்த ஒரு தம்பதி சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். கோயில் பார்த்தாயிற்று, புடவை எடுத்தாயிற்று, இனி இந்த ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஆசிரியர் அறையில் நான் இதைச் சொல்லிச் சிரித்தபோது டீச்சர் சிரிக்கவில்லை. "நடக்கலாமே டீச்சர். பிள்ளையார்பாளையத்துல ஆரம்பிச்சி வேகவதி தாண்டிட்டோம்னா அப்புறம் எல்லாம் வரப்புதான். பாலாத்தங்கரைக்குப் போயி சேர்றதுக்குள்ள பசி எடுக்கும், அவ்ளோதான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போனோம். அவர்கள் இன்னும் நான்கு பேரிடம் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் அது மாதம் ஒரு முறை என்று ஆகி, விடுமுறைகளில் மூன்று நாள் நடையாகவும் வளர்ந்தது. முதல் நாள் திருப்புட்குழியிலிருந்து ஏரிக்கரைகள் வழியாகக் காஞ்சிபுரம். இரண்டாம் நாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து பாலாறு. மூன்றாம் நாள் கரையோடு போய், பாலாறும் வேகவதியும் செய்யாறும் சேரும் திருமுக்கூடல். ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாத, யாரும் நடக்கக்கூடிய பாதை.

பாதை அவருடையது, கதை என்னுடையது. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். நான் கல்வெட்டையும் புராணத்தையும் சொன்னேன். எந்த வரப்பு உளையாகக் காலை இழுக்கும், எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கலாம், காலை எட்டு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச் சத்தத்தினூடே நடத்திக்கொண்டு போய், சாயத் தண்ணீர் கலந்து ஓடும் வேகவதிப் பாலத்தில் எல்லோரையும் நிறுத்துவார். "இன்னிக்கு ஆத்துல என்னா கலர் ஓடுதோ அதான் வர்ற முகூர்த்தத்துக்குப் பொடவை கலரு" என்பார். பிறகு, "மூக்கைப் பிடிச்சிக்கினு ஒரு கால் மணி நேரம் நடங்கம்மா, அப்புறம் மூச்சு விட்டுக்கலாம்" என்பார். கூட்டத்தில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவர் பக்கத்தில்தான் டீச்சர் நடப்பார். வேகமாகப் போகிறவர்களைக் கூப்பிட்டு, "பேசிக்கினே நடக்கணும். பேச முடியலன்னா வேகமா போறோம்னு அர்த்தம்" என்பார். மூட்டு வலியோடு வந்த ஒரு அம்மாளை அவர் இப்படிப் பேச்சு கொடுத்துக் கொடுத்தே ஒரு முறை திருமுக்கூடல் வரை நடத்திவிட்டார். அந்த அம்மாள் கூடலில் காலை நனைத்துக்கொண்டு அழுதது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

பாதை டீச்சரின் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு முறையும், "டீச்சர், எங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலாமே. அம்மா கேட்டுக்கினே இருக்குது" என்பார். ஒவ்வொரு முறையும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த தடவை டீச்சர், இப்போ நேரமாயிடுத்து" என்பேன். ஒரு நாள், எனக்கென்று புதுச் சட்டி வாங்கி அதில் அம்மா சுண்டல் செய்ததாகச் சொல்லி ஒரு டப்பாவை நீட்டினார். நான் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் டப்பாவை மற்றவர்களிடம் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சாப்பிட்டார்கள். அன்று எனக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. என்னைக் கேட்டிருந்தால், எனக்கு ஜாதி கிடையாது, நான் படித்தவள், டீச்சர் என் நெருங்கிய சிநேகிதி என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி நம்பவும் செய்தேன்.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் சென்னை. அதுவரை மதியச் சாப்பாடு கட்டுச்சோறாகத்தான் இருந்தது. இவர்கள் கிராமத்து வீடு ஒன்றில் இலை போட்டுச் சாப்பிட ஆசைப்பட்டார்கள். பாலாற்றங்கரையில் என் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. ஊர்ப் பெயர் வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். பெரிய வீட்டில் தனியாக இருந்த அவள், ஆறு பேர் என்ன, பதினாறு பேர் வந்தாலும் தளிகை பண்ணிப் போடுகிறேன் என்றாள். புரட்டாசிச் சனிக்கிழமையாக அமைந்ததில் அவளுக்கு இரட்டைச் சந்தோஷம். டீச்சரிடம் சொன்னபோது, "ஓ, உங்க அத்தை வீடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நானும் வரலாமா டீச்சர்?" என்று கேட்டார். "இதென்ன கேள்வி?" என்று நான் கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபமும் உண்மையான கோபம்தான்.

வெள்ளிக்கிழமை திருப்புட்குழியில் குளக்கரையில் உட்காரவைத்து, வழக்கம்போல் அந்த ஊரின் கதையைச் சொன்னேன். சீதைக்காகப் போரிட்டுச் சிறகறுந்து விழுந்த ஜடாயுவுக்கு, பெற்ற தகப்பனுக்குச் செய்வது போல ராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் அது. புள்ளுக்குக் குழி, அதனால் புட்குழி. ஒரு பறவையைத் தன் உறவாக ஏற்றுக்கொண்டான் என்று நான் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடத்தில் கேட்பவர்கள் அமைதியாகிவிடுவார்கள். அன்றும் ஆனார்கள். பின்னால் நின்றிருந்த டீச்சர், "பறவைக்குக் கொள்ளி வெச்சாரே ராமரு, அவரு வீட்டு ஆளுங்க யாரும் ஒண்ணும் கேக்கலையா டீச்சர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறுநாள் மதியம் வரை எனக்கு அந்தக் கேள்வி நினைவுக்கே வரவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி சுமாருக்கு அத்தையின் தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "வாங்கோ, வாங்கோ, கால் அலம்பிண்டு உள்ள வாங்கோ" என்று எல்லோரையும் அழைத்தாள். அவர்கள் குழாயடிக்குப் போனபோது, டீச்சர் ஷூவைக் கழற்றக் குனிந்ததைப் பார்த்தாள். என் பக்கம் நகர்ந்து, "அந்தப் பொண்ணு யாருடி? எந்த ஊரு?" என்றாள். சாதாரணமான கேள்வி. யார் வந்தாலும் கேட்கும் கேள்வி. ஆனால் அது எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று வரும். என் நாக்கு அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. அத்தை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவள் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்று நான் முந்திக்கொண்டேன். அத்தையின் சங்கடத்தைத் தவிர்த்தேன், டீச்சரை அவமானத்திலிருந்து காப்பாற்றினேன் என்றுகூட அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன். அந்த அவமானத்தை நானே கொடுத்துவிட்டேன் என்பது, கூடத்தில் இலை முன் உட்கார்ந்து, புளியோதரையை வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் எழுந்து வெளியே போகவில்லை. சர்க்கரைப் பொங்கல், வடை, தயிர்சாதம் என்று ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டோம். அத்தையின் கைமணத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். நடுவில் ஒருவர், "பாவம், அவங்க வெயில்ல இருக்காங்களே" என்றார். "விரதம்னா ரொம்பக் கண்டிப்பா இருப்பாங்க" என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைப் போலக் கஷ்டமாக இல்லை.

வெளியே வந்தபோது டீச்சர் தெருமுனைப் புங்க மரத்தடியில், அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களுடைய தண்ணீர் பாட்டில்கள் எல்லாவற்றையும் நிரப்பி வரிசையாக வைத்திருந்தார். "சாப்பாடு நல்லா இருந்துதாம்மா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு, கூட்டத்திலேயே மெதுவாக நடந்தவரின் பக்கத்தில், பேசிக்கொண்டே நடந்தார். என் பையில் அத்தை கட்டிக் கொடுத்த வடைகள் இருந்தன. நாலு முறை கையை உள்ளே விட்டேன். எடுத்து நீட்டினால் என்ன சொல்லி நீட்டுவது என்று தெரியாமல் கையை வெறுமே எடுத்துக்கொண்டேன்.

மறுநாளும் அவர் வந்தார். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் நான் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் நேரத்துக்கு வந்து, திருமுக்கூடல் வரை நடத்திக்கொண்டு போய், எந்தப் பக்கத்திலிருந்து எந்த ஆறு வருகிறது என்று கையை நீட்டிக் காட்டி, எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பினார். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். வாலாஜாபாத் தாண்டியதும், "அடுத்த வாட்டியிலருந்து நீங்களே கூட்டிக்கினு போயிடுங்க டீச்சர். உங்களுக்குத்தான் வழி தெரிஞ்சிடுச்சே" என்றார். ஏன் என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஒடம்பு முடியல" என்றார். அது பொய் என்று தெரிந்தது. நான் சொன்ன பொய்யை அவர் ஏற்றுக்கொண்டது போலவே, நானும் அதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. பள்ளியில் அதற்குப் பிறகும் பேசினோம், சிரித்தோம். அடுத்த கோடையில் அவருக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துப் போனார். வழியனுப்பும் கூட்டத்தில் நான்தான் வாழ்த்திப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர் இல்லாமல் இரண்டு முறை நடத்திப் பார்த்தேன். இரண்டாம் முறை, மணல் அள்ளிய பள்ளம் தெரியாமல் ஒருவரை அதன் ஓரத்தில் நடக்கவிட்டுவிட்டேன். ஈர மணல் சரிந்து அவர் தொடை வரை புதைந்தார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் துண்டை வீசி இழுத்தார்கள். காயம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றோடு நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்தது வழி இல்லை, அவர் பின்னால் நடக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. பிறகொரு நாள், அத்தை படுத்த படுக்கையாக இருந்தபோது, அவளாகவே அந்தப் பேச்சை எடுத்தாள். "அன்னிக்கு ஒரு பொண்ணு வாசல்லயே நின்னாளே. கழுத்துல சிலுவை போட்டுண்டிருந்தா, பார்த்தேன். நீயே விரதம்னுட்டே. எனக்கும் சௌகரியமாப் போச்சு" என்றாள். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "நீ சொல்லலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ, தெரியலை" என்றாள். அது எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவளுக்கும் நான் கொடுக்கவில்லை.

போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "மிஸ், நம்ம பி.டி. டீச்சர். ஆத்தோரமா வாக் கூட்டிட்டுப் போறாங்க. செம கூட்டம்." நரைத்த தலையோடு டீச்சர் பத்துப் பதினைந்து பேருக்கு நடுவே நின்றிருந்தார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு என் பெயரிலேயே பதிவு செய்தேன். ஞாயிறு விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்தில் கூடினோம். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்த டீச்சர் என் பெயரிலும் நிறுத்தவில்லை. "வாங்க மேடம், தொப்பி எடுத்துக்கினு வந்தீங்களா?" என்றார். மற்ற எல்லோரையும் கேட்ட கேள்விதான். அன்று நான் கூட்டத்திலேயே மெதுவாக நடந்தேன், முழங்கால் அப்படி. அதனால் நெடுந்தூரம் அவர் என் பக்கத்தில்தான் நடக்க வேண்டியிருந்தது. ஏரியில் தண்ணீர் நிற்பதைப் பற்றியும், புதிதாக வந்த மனைகளைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்.

மதியச் சாப்பாடு அவருடைய வீட்டில். முன்கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். எத்தனையோ முறை அடுத்த தடவை என்று சொன்ன வீட்டுக்குள் முதல் முறையாக நுழைந்திருந்தேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை. மற்றவர்களுக்கு மீன் வறுவலும் இருந்தது. நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். டீச்சரின் அம்மா, வயதில் குறுகிப்போன உருவம், சுவரைப் பிடித்துக்கொண்டே என் அருகே வந்தார். "நீதான் அந்த சரித்திர டீச்சராம்மா? உன்னைப் பத்தி சொல்லிக்கினே இருக்கும் எம் பொண்ணு. எவ்ளோ வருஷம் கழிச்சி வந்திருக்கறே. நல்லா சாப்புடு" என்று என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரை வைத்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மகள் இவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. தலை நிமிராமல் முழுவதும் சாப்பிட்டேன்.

அங்கிருந்து கிளம்பி அத்தையின் ஊர் எல்லையை அடைந்தபோது டீச்சர் தெருப்பக்கம் போகாமல் இடது கைப்பக்கம் வயலுக்குள் இறங்கினார். இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தத் தெரு வழியா போனா கிட்டமாச்சே?" என்று கேட்டான். "இந்தப் பக்கம் நெழல் இருக்குதுப்பா" என்றார் அவர். அந்த வரப்பு நெடுகிலும் ஒரு மரம்கூட இல்லை. இளைஞன் சுற்றிலும் பார்த்துவிட்டு அவர் பின்னால் இறங்கினான். யாரைக் காப்பாற்ற அவர் அதைச் சொன்னார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. ஆற்றங்கரைக்கு வந்து மற்றவர்கள் மணலில் இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, இத்தனை வருடம் மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்த எதுவும் வராமல், "டீச்சர், அன்னிக்கு அத்தை வீட்ல நான் விரதம்னு சொன்னேனே. அது தப்பு. உங்களைப் பட்டினி போட்டுட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னை மன்னிச்சிடுங்கோ" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பசில்லாம் ஒண்ணும் பெரிசு இல்ல டீச்சர். நான் பாக்காத பசியா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள போறப்போ ஒரு வாட்டியாவது திரும்பிப் பாப்பீங்கன்னு தெருவுலியே நின்னுக்கினு இருந்தேன். நீங்க பாக்கல" என்றார். குரலில் கோபம் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்வது போல இருந்தது. உடனே, மணலில் கால் தடுமாறிய ஒரு அம்மாளைப் பார்த்து, "அங்க வேணாம்மா, இப்படி வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒவ்வொருவரிடமும், "அடுத்த மாசமும் வாங்க" என்று சொல்லி வழியனுப்பினார். என்னிடம், "முட்டிக்கு எண்ணெய் போட்டு நீவுங்க, பத்திரமா போயிட்டு வாங்க" என்றார். அடுத்த மாதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் போய்விட்டன. மாதாமாதம் நடை நடப்பது எனக்குத் தெரியும். படங்களை அந்த மாணவி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நான் பெயர் கொடுத்தால் டீச்சர் மறுக்க மாட்டார். என் பக்கத்திலேயே நடப்பார், ஏரியைப் பற்றிப் பேசுவார், அவருடைய அம்மா என் தட்டில் கீரை வைப்பார். அதை நினைத்துத்தான் இன்னும் பெயர் கொடுக்காமல் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தனியாக வேகவதிப் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.